சக்கரம் எந்தப் பக்கம்?

தையல் மிஷினில் சக்கரம் தைக்கிறவரின் வலது கைப் பக்கம் இருக்கும். இதைச் சொல்ல ஒரு கதை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியிருந்தது. ஒன்பது பேர் உட்கார்ந்த ஒரு கமிட்டி, நான்கு கூட்டம், தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு, அத்தனைக்கும் பிறகு இன்று இந்த நாட்டில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இடது பக்கம் சக்கரம் வைத்த ஒரு மிஷின் கிடக்கிறது. அப்படி ஒரு மிஷினை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

நான் நாணயச்சாலையில் மாதிரி செய்தவள். புதிதாக ஒரு நாணயம் வரப்போகிறது என்றால், அதன் உருவத்தை முதலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பிளாஸ்டரில் செதுக்குவது என் வேலையாக இருந்தது. அதை ஒரு கருவி அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும். அங்கிருந்து சுருங்கி எஃகு அச்சுக்குப் போகும். காசின் மேல் உருவம் எழும்பி நிற்கிற உயரம் ஒரு நகத்தின் கனம்கூட இருக்காது. மூக்கு, விரல், துணி மடிப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் எங்கள் மேஜையில் விளக்கு தலைக்கு மேல் இருக்காது, பக்கவாட்டில் மேஜையை ஒட்டி இருக்கும். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் செதுக்கியது ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்து விழுந்தால் முடி அளவு பள்ளத்தையும் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். இருபத்தாறு வருஷம் இந்த விளக்கோடுதான் குப்பை கொட்டினேன்.

எங்களுக்குப் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. உருவத்தின் காலடியில் ஒரு சின்ன அடையாளம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்கு முன்பு இருந்தவர் ஒரு எறும்பு வைத்தார். நான் ஒரு பொத்தான் வைத்தேன். நான்கு துளை போட்ட பொத்தான், கடுகில் பாதி. ஏன் பொத்தான் என்றால், அது அக்காவுக்காக.

எனக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அக்காவுக்குப் பத்தொன்பது. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே என்னை வளர்த்தாள், படம் வரையும் கல்லூரிக்கும் அனுப்பினாள். இருந்தது ஒரே அறை. பாதி அறையை மிஷின் அடைத்துக்கொண்டது. பலகைக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டையின் மேல்தான் எனக்குப் படுக்கை. வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: அக்காவின் வலது கைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. கீழே பெரிய சக்கரமும் பெல்ட்டும் அந்தப் பக்கம்தான். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மாறிப் படுத்துவிட்டேன். பெல்ட்டில் முடி சிக்கி ஒரு கொத்து வேரோடு வந்தது. காதுக்கு மேலே அந்த இடத்தில் இன்றைக்கும் முடி முளைப்பதில்லை. சீவி மறைத்துக்கொள்கிறேன்.

உழைப்பாளர் வரிசை என்று மூன்று நாணயங்கள் முடிவாயின. ஒரு ரூபாயில் உழவர், இரண்டு ரூபாயில் படகோட்டி, ஐந்து ரூபாயில் தையல்காரி. முதல் இரண்டும் வேறொருவர் செய்தது. ஐந்து என்னிடம் வந்தபோது நான் வேறு எங்கே போய் ஆள் தேடுவேன்? மூன்று ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடையில் போய் உட்கார்ந்து, மிஷினுக்கு எதிரே இருந்து அவளைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

"என் மூஞ்சியை எதுக்குடி காசுல போடுற?" என்றாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கைக்கு வந்த காசை ஒருத்தன் விடாம திருப்பிக் குடுத்துடுவான்."

"நீ சும்மா தை, அக்கா. மூஞ்சி பெருசா தெரியாது. கைதான் தெரியும்."

"கை மட்டும் என்ன வாழுதாம்?"

சொன்னாளே தவிர, அடுத்த ஞாயிறு நகம் வெட்டி, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிளாஸ்டர் நன்றாக வந்தது. என் வாயால் நானே சொல்கிறேன், நன்றாகவே வந்தது. வலது கை சக்கரத்தைத் தட்டி விடுகிறது, இடது கை துணியை ஊசிக்குக் கொடுக்கிறது, முகம் ஊசியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. நம் பார்வைக்கு அவள் வலது பக்கம் பார்க்கிறாள். வந்தது வினை அதில்தான்.

நான்காவது கூட்டத்தில் மூன்று படங்களையும் வரிசையாகச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். கமிட்டித் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உழவர் இடது பக்கம் பாக்கிறார். படகோட்டியும் இடது பக்கம் பாக்கிறார். இந்தம்மா மட்டும் ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க? கோவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதர் ஒரு ஜோக் சொன்னால் சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் நிறைய.

"வரிசையா வச்சா சண்டை போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. திருப்பிடலாமே?" என்றார் தலைவர்.

"கம்ப்யூட்டர்ல ஒரே பட்டன் சார்," என்றார் எங்கள் டைரக்டர்.

நான் எழுந்தேன். "சார், முகத்தை மட்டும் திருப்ப முடியாது. மிஷினும் சேந்து திரும்பிடும். சக்கரம் இடது கைக்குப் போயிடும். அப்படி மிஷின் கிடையாது சார்."

"சக்கரம் காசுல எவ்வளவு பெருசு இருக்கும்?"

"பட்டாணியில பாதி இருக்கும் சார்."

"அதைப் போய் யாரும்மா பாக்கப் போறாங்க?"

"தைக்கிறவங்க எல்லாரும் பாப்பாங்க. ஆறு வாரம் குடுங்க சார். வேற பக்கத்துலேருந்து வரைஞ்சு புதுசாவே செஞ்சு தர்றேன்."

"பட்டனுக்கு ஆறு செகண்டு. உங்களுக்கு ஆறு வாரமா?" என்றார் டைரக்டர். மறுபடியும் சிரிப்பு. பிறகு டீ வந்தது. டீ வந்துவிட்டால் எங்கள் கமிட்டியில் எந்தத் தப்பும் சரியாகிவிடும்.

இந்த டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை ரப்பர் சார் என்போம். மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை ரப்பர் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பில் ஆட்சேபணை இருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். மேலே உள்ளவர் படித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார். கோப்பு மேலே போகும்போது முகம் கழுவின குழந்தை போலச் சுத்தமாக இருக்க வேண்டுமாம். மசியால் எழுதுவது ஒரே ஒரு சொல்தான்: 'பார்த்தேன்.' கீழே கையெழுத்து. பார்த்தேன் என்றால் கோப்பு என் மேஜைக்கு வந்து போனது என்று அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. யார் எப்போது ஆரம்பித்தார்கள் தெரியாது. இருபத்தாறு வருஷமாக நானும் செம்மறி ஆடு மாதிரி அதைச் செய்துகொண்டிருந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

திருப்பிய படம் கோப்பில் என் மேஜைக்கு வந்தது. ஓரத்தில் பென்சிலால் அழுத்தி மூன்று வரி எழுதினேன். பிளாஸ்டர் செதுக்குகிற கைக்கு லேசாக எழுதத் தெரியாது. கீழே மசியில் 'பார்த்தேன்' என்று போட்டு அனுப்பினேன். ரப்பர் சார் தன் வேலையைச் செய்தார். கோப்பு மேலே போனது. அச்சு அடித்தார்கள். என் பொத்தான் காலடியில் அப்படியே இருந்தது. பொத்தானுக்கு இடது வலது கிடையாதே.

காசு வெளியே வந்த முதல் வாரமே தையல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்களே, நான் சொன்ன மாதிரியே தைக்கிறவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பத்திரிகையில் கேலிச் சித்திரம் வந்தது: ஒருத்தி இடது கையால் சக்கரத்தைச் சுற்ற, சட்டை பின்பக்கமாகத் தைபட்டு வருகிறது. அக்காவின் கடைக்கு வருகிறவர்களுக்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிற்று. காசில் இருப்பது அவள்தான் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். நான்தான் பெருமையடித்து ஊரெல்லாம் தம்பட்டம் போட்டிருந்தேனே.

நான் போனபோது அக்கா சட்டையில் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மேஜை டிராயரைத் திறந்து அந்தக் காசை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனா நீ சொல்லு. மிஷினுக்கு அடியிலேயே தூங்கி எந்திரிச்சவ நீ. உனக்குமா தெரியல?"

"தெரியும்க்கா. சொன்னேன். கேக்கல."

"எழுதிக் குடுத்தியா?"

"எழுதினேன். பென்சில்ல."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பென்சில்லயா? நான்கூட அளவைப் பேனாவுலதான்டி எழுதுறேன். நாளைக்கு எவனாவது வந்து நான் சொன்னது இது இல்லன்னு நின்னா என்ன காட்டுவேன்?"

திரும்பி வரும்போது அழுகை வந்தது. அக்கா நம்பினாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ரப்பர் சார் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. என் பெயரில், நான் எழுதியது போல. 'தையல் இயந்திரத்தைப் பற்றிய போதிய அறிவு எனக்கு இல்லாததால், உருவத்தில் ஏற்பட்ட பிழையை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டத் தவறிவிட்டேன். வருந்துகிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். காதுக்கு மேலே அந்த வழுக்கை இடம் சுரீர் என்றது.

"சார், நான் கூட்டத்துல எந்திரிச்சு சொன்னேன். கோப்புலயும் எழுதினேன்."

"கூட்டக் குறிப்புல அப்படி ஒண்ணும் இல்லையே. கோப்புல எங்க எழுதினீங்க, காட்டுங்க." திறந்து என் பக்கம் திருப்பினார். ஓரம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. கீழே மசியில் 'பார்த்தேன்', என் கையெழுத்து. "பாத்திருக்கீங்க. ஆனா சொல்லல."

"அழிச்சது நீங்க சார்."

"நான் தினம் ஐம்பது கோப்பு பாக்கிறேன்மா. எதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம்?" குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். மாட்டேன்னா, வெள்ளிக்கிழமை கமிட்டி. மாதிரிப் பிரிவுலேருந்து உங்களை எடுத்துடுவாங்க. காசை மூட்டை கட்டுற பிரிவு உங்களுக்குச் சரிப்படுமா?"

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அதற்கும் மேலே ஒரு படி போய், அந்தக் குழியை நானே வெட்டினேன் என்று கையெழுத்து கேட்கிறது இந்தக் குதிரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்றால், அந்தச் சோற்றை நான் ஏன் தின்ன வேண்டும்? எனக்குச் செதுக்கத் தெரியாது என்று எழுதியிருந்தால்கூட ஒரு வேளை போட்டுத் தொலைத்திருப்பேன். மிஷின் தெரியாது என்று எப்படிப் போடுவேன்? அதற்குப் பதில் அக்காவை எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

போடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. அதே ஒன்பது பேர். தலைவர் சோர்ந்துபோயிருந்தார், பத்திரிகைக்காரர்கள் அவரையும் விட்டுவைக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உங்கள் முன்னால்தான் எழுந்து சொன்னேன், பட்டாணியில் பாதி என்று சொன்னேன், ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். ஒன்பது பேரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மறதி இப்படி ஒரே நாளில் ஒன்பது பேரைப் பிடிக்குமென்றால் ஏதாவது கிருமியாகத்தான் இருக்க வேண்டும்.

"எழுத்துல இருந்தா ஒத்துக்கலாம்," என்றார் தலைவர்.

"ஒரு வரிகூட இல்ல சார். நீங்களே பாருங்க," என்று ரப்பர் சார் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, ஒவ்வொருவருக்கும் தெரிகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

அவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். மூன்று மணி வெயில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. தாள் ஒரு கணம் வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பியபோது, அந்த வெள்ளை ஓரத்தில் நிழல் ஓடியதை நான் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. என் பிழைப்பே அந்த நிழல்தான்.

"சார், அசையாதீங்க," என்றேன். போய் அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். பிடுங்கினேன் என்று பிறகு சொன்னார்கள், சொல்லட்டும். "யாராவது அந்த மேல் லைட்டை அணைங்க."

குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த பெரிய கிளார்க் எழுந்துபோய் அணைத்தார். தாளைத் தலைவருக்கு எதிரே மேஜையில் வைத்தேன். திரைச்சீலையை ஒரு சாண் மட்டும் விட்டு மற்றதை இழுத்து மூடினேன். ஒரு கோடு வெயில் மேஜையோடு படுத்துக்கொண்டு தாளின் மேல் ஏறியது. பென்சில் கரியைத்தான் ரப்பர் அழிக்கும், என் கை அழுத்திய பள்ளத்தை அல்ல. எழுத்து எழுத்தாக நிழல் எழும்பியது.

தலைவர் குனிந்தார். வாய்விட்டே படித்தார்.

"'சக்கரம் தைப்பவரின் வலது கைப் பக்கம்தான் இருக்கும். படத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால்...' அடுத்தது என்ன?"

"'ஊர் சிரிக்கும்', சார்," என்றேன்.

ரப்பர் சாரின் கை தன்னை அறியாமல் மேல்சட்டைப் பைக்குப் போனது. நான் தலைமுடியை ஒதுக்கி அந்த இடத்தையும் காட்டினேன். "போதிய அறிவு இல்லன்னு எழுதியிருக்கீங்க. இது எட்டு வயசுல வாங்கின அறிவு சார்."

அப்போதாவது யாராவது ஒருவர் 'தப்பு எங்களுடையது' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டுகிறது, இன்னும் இந்த எதிர்பார்ப்பு விடவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, அந்தக் கடிதம் வேண்டாம். யார் மேலயும் தப்பில்லன்னு வச்சுக்குவோம். இனிமே என்ன செய்யலாம்னு பாப்போம்."

"பழைய பிளாஸ்டர் ஸ்டோர்ல அப்படியே இருக்கு சார். அதையே அடிச்சிடலாம்."

"அப்ப அந்தம்மா மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்களே. வரிசை கெட்டுடுமே."

டீ வந்தது. டீயோடு ரப்பர் சாருக்கு உயிரும் திரும்பி வந்தது. "சார், எனக்கு ஒண்ணு தோணுது. சக்கரத்தையே எடுத்துட்டா? சக்கரமே இல்லன்னா எந்தப் பக்கம்னு யாரும் கேக்க முடியாதே!"

ஒன்பது முகமும் மலர்ந்தன. ஒருவர் மேஜையைத் தட்டினார்.

"சார், சக்கரம் இல்லாம மிஷின் ஓடாது."

"காசுல எதுக்கும்மா ஓடணும்?" என்றார் தலைவர், பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

முடிவு அங்கேயே எழுதப்பட்டது. பெரிய கிளார்க் கோப்பைச் சுற்றுக்கு விட்டார். கடைசியில் என்னிடம் வந்தது. ஓரம் காலியாக இருந்தது. பக்கத்தில் வழக்கம்போல ஒரு பென்சிலையும் வைத்தார். நான் பென்சிலைத் தள்ளிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தேன். 'பார்த்தேன்' என்று எழுதவில்லை. 'சக்கரம் இல்லாத மிஷினில் யாரும் தைக்க முடியாது. இதற்கு நான் உடன்படவில்லை. என் பொத்தானை இந்த நாணயத்திலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"ஐயையோ மேடம்!" பெரிய கிளார்க்குக்கு வியர்த்துவிட்டது. "இங்க்குல எழுதிட்டீங்களே! கோப்பு அமைச்சர் வரைக்கும் போகணுமே!"

"போகட்டும்," என்றேன்.

மறு வாரம் நிர்வாகக் காரணங்களுக்காக என்னை மூட்டை கட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே விளக்குகள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன.

நான்கு மாதம் கழித்துப் புது ஐந்து வந்தது. நான் அக்காவின் கடையில் இருந்தபோதுதான், சட்டை வாங்க வந்த ஒரு டிரைவர் அதைப் பலகையில் வைத்தார். அக்கா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். நான் பார்ப்பது போலவே பார்த்தாள், வெகுநேரம்.

"சக்கரத்தைக் காணோம்," என்றாள்.

"எடுத்துட்டாங்க."

"உன் பொத்தானையும் காணோமே?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை பேனாவுல எழுதிக் குடுத்தேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி, என் காதுக்கு மேலே விலகியிருந்த முடியை எடுத்து அந்த இடத்தை மூடிவிட்டாள்.

"அப்ப இதுல நான் இல்ல," என்றாள்.

"இல்லக்கா. அது யாரோ."

"நல்லதாப் போச்சு." காசை டிராயரில் போடாமல் டிரைவரிடமே நீட்டினாள். "வேற காசு இருந்தா குடுங்க. இல்லன்னா அடுத்த தடவை குடுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அக்கா பாதியில் நின்ற காலரை ஊசிக்கு அடியில் சரிசெய்தாள். வலது கையால் சக்கரத்தைத் தட்டிவிட்டாள். மிஷின் ஓடியது.